பேய் நடக்கிற சத்தத்த நாங்களே துடைச்சு எடுத்தோம்: ஒரு பழைய ரேடியோ திகில் நாடகத் தட்டு பத்தின நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவுல நான் வார இறுதியில வாலன்டியரா போற ஒரு சின்ன ஆடியோ குழுவுல நடந்தது இது. பழைய ரெக்கார்டு, டேப் எல்லாத்தையும் டிஜிட்டலா மாத்திக் குடுக்கறதுதான் அங்க வேலை. சம்பந்தப்பட்டவங்க ஒத்துக்கிட்டதுக்கு அப்புறம்தான் எழுதறேன், பேரும் ஊரும் போடல. ரெண்டு தப்பு நடந்துச்சு, ரெண்டுலயும் எனக்குப் பங்கு இருக்கு. வீட்டுப் பரண்ல இந்த மாதிரி தட்டு வச்சிருக்கறவங்க, இத மாத்திக் குடுக்கற வேலைல இருக்கறவங்க, ரெண்டு பேருக்கும் உதவும்னு நினைக்கறேன்.

பின்னணி

1930கள்லயும் 40கள்லயும் அமெரிக்க ரேடியோல திகில் நாடகங்களுக்கு பெரிய கூட்டம் இருந்துச்சு. 1934ல சிகாகோவுல ஒரு ஸ்டேஷன்ல 'லைட்ஸ் அவுட்'டுன்னு ஒண்ணு ஆரம்பிச்சார் வில்லிஸ் கூப்பர், ராத்திரி பன்னெண்டு மணிக்கு வரும். 1936ல ஆர்ச் ஓபோலர் அத எடுத்துக்கிட்டார். அப்புறம் 1941ல கதவு கிரீச்சிடற சத்தத்தோட ஆரம்பிக்கற 'இன்னர் சாங்க்டம்', 1942ல 'சஸ்பென்ஸ்'. இந்த சஸ்பென்ஸ் 1962 செப்டம்பர் 30 வரைக்கும் ஓடுச்சு, அன்னிக்கோட ரேடியோ நாடகத்தோட பொற்காலமே முடிஞ்சிருச்சுன்னு நிறைய பேர் சொல்லுவாங்க.

முக்கியமான விஷயம், இதெல்லாம் பெரும்பாலும் நேரடி ஒலிபரப்பு. ரெக்கார்டு பண்ணி வச்சத போடறத என்பிசி, சிபிஎஸ் மாதிரி பெரிய நெட்வொர்க்குங்க ரொம்ப வருஷம் விடவே இல்ல, 1946ல பாடகர் பிங் கிராஸ்பியோட நிகழ்ச்சிய முன்னாடியே ரெக்கார்டு பண்ணி ஏபிசி ஒலிபரப்புனதுக்கு அப்புறம்தான் அந்தக் கட்டுப்பாடு தளர ஆரம்பிச்சுது. அதனால நிறைய நாடகத்த கிழக்குப் பக்கத்துக்கு ஒரு தடவ நடிச்சுட்டு, மூணு மணி நேரம் கழிச்சு மேற்குப் பக்கத்துக்கு அதே ஆளுங்க திரும்ப முதல்லேர்ந்து நடிப்பாங்க. தப்பு நடந்தா நடந்ததுதான். 1943 மே 25ல சஸ்பென்ஸ்ல 'சாரி, ராங் நம்பர்' முதல் தடவ போனப்போ கடைசி கட்டத்துல ஒரு நடிகர் தடுமாறினதால கதையோட நாயகிக்கு என்ன ஆச்சுன்னே நிறைய பேருக்குப் புரியாமப் போச்சு, ஆகஸ்ட் 21ல அத மறுபடியும் நடிச்சாங்க. அதுல நாயகியா நடிச்ச ஆக்னஸ் மூர்ஹெட் அந்த ஒரே நாடகத்த 1960க்குள்ள சஸ்பென்ஸ்ல மொத்தம் எட்டு தடவ பண்ணாங்க.

அப்படின்னா நம்ம கைல கெடைக்கற தட்டு எதுக்கு வெட்டுனது? ஸ்பான்சருக்கு ஒரு காப்பி, ஸ்டேஷன் ஃபைலுக்கு ஒண்ணு, நடிச்சவங்க காசு குடுத்து தனக்குன்னு வாங்கிக்கிட்டது, இப்படித்தான். ஃபேக்டரில ஆயிரக்கணக்குல அச்சடிச்ச கடைத் தட்டு இல்ல இது. நாடகம் நடந்துட்டிருக்கும்போதே ஒரு மெஷின்ல ஊசி நேரா பூச்சு மேல வெட்டுன ஒரே ஒரு தட்டு. அது போச்சுன்னா அந்த ராத்திரியே போச்சு. கூப்பர் காலத்து லைட்ஸ் அவுட் இன்னிக்கு கேக்கக் கெடைக்கறது ரொம்பக் கொஞ்சம்தான், அது எனக்கு இன்னிக்கும் வருத்தம்.

பெட்டி வந்த நாள்

எண்பது வயசு தாண்டுன ஒரு பெரியவர் ஒரு சனிக்கிழமை அட்டைப் பெட்டிய ரெண்டு கையால அணைச்சுப் புடிச்சுட்டு வந்தார். உள்ள ரெண்டு தட்டு, ஒவ்வொண்ணும் 16 இன்ச். அவரோட அப்பா 40கள்ல ஒரு ரேடியோ ஸ்டேஷன்ல சவுண்ட் எஃபெக்ட்ஸ் வேலை பாத்தவராம். லேபிள்ல பென்சில்ல நாடகத்தோட பேரு, ஒண்ணுல பார்ட் ஒண்ணு, இன்னொண்ணுல பார்ட் ரெண்டு. அதுக்குக் கீழ சின்ன எழுத்துல இன்னொரு வரி இருந்துச்சு, அத அன்னிக்கு யாரும் படிக்கல.

அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணு. 'எங்கப்பா குரல் அதுல கெடையாது, அவர் நடிகர் இல்ல, ஆனா அவர் அதுல இருக்கார், அத ஒரு தடவ கேக்கணும்.' சின்ன வயசுல வீட்டு சமையலறைல அப்பா அந்த எஃபெக்ட்ட ஒத்திகை பாத்ததும், தான் பயந்து கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சதும் அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்காம். இத எல்லாம் சொன்னார். நாங்க தலையாட்டிக் கேட்டோம், ஆனா எழுதி வைக்கல. என்ன சத்தம்னு திருப்பிக் கேக்கவும் இல்ல.

பாத்தது, பாக்காம விட்டது

அன்னிக்கு நாங்க ரெண்டு பேர்: நானும் காலேஜ் படிக்கற ஒரு தம்பியும். இந்த வேலைல முப்பது வருஷத்துக்கு மேல அனுபவம் உள்ள எங்க சீனியர் அம்மா ஊர்ல இல்ல.

முதல் தட்டு நல்லா இருந்துச்சு. அலுமினியத் தட்டு மேல கறுப்பு லேக்கர் பூச்சு, ஓரத்துல மட்டும் மாவு தூவுன மாதிரி வெள்ளையா படிஞ்சிருந்துச்சு. பாக்க பூஞ்சை மாதிரி இருக்கும், ஆனா பூஞ்சை இல்ல. அந்தப் பூச்சு வளையுற தன்மையோட இருக்கறதுக்காக விளக்கெண்ணெய் சேப்பாங்க, வருஷம் ஆக ஆக அது பிரிஞ்சு பால்மிடிக் ஆசிட்டா வெளிய வந்து படியும். எண்ணெய் போகப் போக பூச்சு சுருங்கும், அடியில இருக்கற தட்டு சுருங்காது, அப்புறம் ஒரு நாள் பாளம் பாளமா உரிஞ்சு வரும்.

ரெண்டாவது தட்டு எடை வித்தியாசமா இருந்தது கைக்குத் தெரிஞ்சுது, ஆனா நின்னு யோசிக்கல. நடு ஓட்டையோட விளிம்புல டார்ச் அடிச்சுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும், அது கண்ணாடித் தட்டு. ரெண்டாம் உலகப் போர் நேரத்துல அலுமினியம் எல்லாம் விமானத்துக்குப் போனதால கண்ணாடி மேல பூச்சு போட்டு வித்தாங்க. கண்ணாடி தட்டுனா உடையும், பூச்சும் அதுலேர்ந்து லேசா கழண்டுக்கும். வெளி ஓரத்துல ஒரு எடத்துல பூச்சு லேசா தூக்கிக்கிட்டிருந்தத நான் பாத்தேன். பாத்துட்டும் சீனியர் அம்மா வர்ற வரைக்கும் பொறுக்கல, ஏன்னா பெரியவர் அங்கயே உக்காந்திருந்தார், அவர் முன்னாடியே போட்டுக் காட்டணும்னு ஒரு ஆசை.

முதல் தப்பு

பார்ட் ஒண்ண போட்டோம். 16 இன்ச் தட்டுக்கு சாதாரண டர்ன்டேபிள் பத்தாது, நீளமான ஆர்ம் வச்ச பெரிய மெஷின் ஒண்ணு எங்க கிட்ட இருக்கு. எல்பி ரெக்கார்டு ஊசியும் இதுக்கு ஆகாது, இதோட க்ரூவ், அதாவது ஊசி ஓடற கோடு, அகலம், மெல்லிசு ஊசி அடியில போய் குப்பையில ஓடும், அதனால தடிமனான ஊசி. வேகம் நிமிஷத்துக்கு 33⅓ சுத்து. காத்து சத்தம் வந்துச்சு, அப்புறம் ஒரு ஆர்கன், அப்புறம் ஒரு பொம்பளை குரல், கிராமத்து வீட்டுல தனியா இருக்கா, கீழ பாதாள அறையில ஏதோ நகருது. பதினஞ்சு நிமிஷம் யாரும் மூச்சு விடல.

அந்த ஜோர்லயே பார்ட் ரெண்ட எடுத்து வெளி ஓரத்துல ஊசிய வச்சோம். க்ரூவுக்குள்ள நிக்காம ஊசி வெளிப் பக்கமா வழுக்குச்சு, தூக்கி நின்ன பூச்சுல இடிச்சுது, அரை சென்டிமீட்டர் அகலத்துல, கைவிரல விட கொஞ்சம் நீளமா ஒரு பாளம் உரிஞ்சு டர்ன்டேபிள் விரிப்பு மேல விழுந்துச்சு. சத்தம்கூட பெருசா வரல.

லேபிள்ல அந்தச் சின்ன எழுத்து என்னன்னா, 'உள்ளேர்ந்து ஆரம்பிக்கவும்'.

இது அந்தக் காலத்து ஸ்டேஷன்கள்ல சகஜமான வழக்கம். தட்டோட வெளிப்பக்கம் சத்தம் பளிச்சுனு இருக்கும், உள்ள போகப் போக மங்கும், ஏன்னா ஒரு சுத்துக்கு ஊசி போற தூரம் கொறையுது. அரை மணி நாடகத்துக்கு ரெண்டு பக்கம் வேணும். பார்ட் ஒண்ணு உள்ள போயி மங்கலா முடியும்போது பார்ட் ரெண்டு வெளிலேர்ந்து பளிச்சுனு ஆரம்பிச்சா கேக்கறவங்களுக்கு மாத்துன எடம் தெரிஞ்சிரும். அதனால ரெண்டாவத உள்ளேர்ந்து வெளிய வெட்டுவாங்க, ரெண்டும் ஒரே தரத்துல சேரும். அதோட விளைவு என்னன்னா, நாடகத்தோட கிளைமாக்ஸ் தட்டோட வெளி விளிம்புல வந்து நிக்குது. கை படற எடம், இடி படற எடம், எங்க தட்டுல பூச்சு முதல்ல தூக்குன எடமும் அதுதான். பயத்தோட உச்சிய கொண்டு போய் இருக்கறதுலயே பலவீனமான எடத்துல வச்சிருக்காங்க, அங்கதான் நாங்க ஊசிய வச்சோம்.

கணக்கு போட்டுப் பாத்தோம். ஒரு சுத்து 1.8 செகண்ட். அரை சென்டிமீட்டருக்குள்ள சுமார் இருபது க்ரூவ் இருக்கும், அப்ப கடைசி 36 செகண்ட். அதுல ஒவ்வொரு சுத்துலயும் ஒரு துண்டு இல்ல.

பெரியவர் கிட்ட மறைக்கல, அப்பவே சொல்லிட்டோம். அவர் கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் 'மிச்சத்த பாருங்க'ன்னு மட்டும் சொன்னார். கோவப்பட்டிருந்தாகூட எனக்கு தாங்கியிருக்கும்.

ஒரே ஒரு தடவ ஓட்டணும்னு எடுத்த முடிவு

சீனியர் அம்மாவுக்கு போன் போட்டோம், அவங்க சொன்னது தொடாதீங்க, கழுவாதீங்க, நான் வர்ற வரைக்கும் படுக்க வைங்க. கழுவக் கூடாதுன்னது முக்கியம். முழுசா இருக்கற தட்டுன்னா வாலை வடிச்ச தண்ணியில துளி சோப்பு போட்டு தொடைக்கலாம், ஸ்பிரிட், ஆல்கஹால் வகையறா எதுவும் கூடாது, பூச்சே கரைஞ்சிரும். ஆனா உரிய ஆரம்பிச்ச தட்டுல தண்ணியே கூடாது, விரிசல் வழியா அடியில எறங்கி மொத்தத்தையும் கெளப்பிரும்.

வந்ததும் அவங்க எடுத்த முடிவுகள்: எந்த ஊசி சைஸ், எவ்ளோ எடைன்னு எல்லா சோதனையும் நல்லா இருக்கற பார்ட் ஒண்ணுலயே பண்ணி முடிக்கணும். பார்ட் ரெண்டுல சோதனையே கெடையாது, ஒரு ஓட்டம்தான். மோனோ ரெக்கார்டா இருந்தாலும் ஸ்டீரியோவா எடுக்கணும், ஏன்னா க்ரூவோட ரெண்டு சுவர்ல ஒண்ணு தேஞ்சிருந்தா இன்னொரு பக்கத்த எடுத்துக்கலாம். ரெண்டு கம்ப்யூட்டர்ல ஒரே நேரத்துல பதியணும், 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ்ங்கற உயர்ந்த தரத்துல. உரிஞ்ச எடத்துக்கு முன்னாடியே ஊசிய தூக்கிரணும். பள்ளத்துல விழுந்து எதிர் விளிம்புல இடிச்சா அடுத்த பாளமும் வரும், அந்த 36 செகண்டுக்காக மிச்சத்த பணயம் வைக்க வேணாம்னு அவங்க உறுதியா இருந்தாங்க.

உள்ளேர்ந்து ஆரம்பிச்சு ஓட்டுனோம், பதினாலு நிமிஷத்த தொடறதுக்குள்ள, அந்தப் பொம்பளை கைல விளக்கோட பாதாள அறை படியில எறங்கிட்டிருக்கும்போது, ஊசிய தூக்கிட்டோம்.

வேகம் சரியான்னு பாக்க ஒரு நல்ல வழி காட்டுனாங்க, இத நிறைய பேர் தெரிஞ்சுக்கணும். அன்னிக்கு வெட்டுன மெஷின்ல கரண்ட்டோட ஹம், அதாவது 'ம்ம்'னு வர்ற முனகல், லேசா பதிஞ்சிருக்கும், அமெரிக்காவுல அது 60 ஹெர்ட்ஸ். நம்ம ஃபைல்ல அது 60க்கு கொஞ்சம் மேல நின்னுச்சு, தட்டு வேகமா ஓடியிருக்கு. அதாவது குரல் எல்லாம் இருக்க வேண்டியத விட கீச்சுனு இருந்திருக்கு, எங்களுக்கு காதுல தெரியவே இல்ல. சரி பண்ணதும் அந்த நடிகையோட குரல் எறங்கி ஒரு கனம் வந்துச்சு.

ரெண்டாவது தப்பு

இதுதான் நான் எழுத உக்காந்ததுக்கே காரணம்.

க்ளீன் பண்ற வேலைய தம்பி எடுத்துக்கிட்டான், நான் பக்கத்துல இருந்து சரின்னு சொன்னேன். டிக் டிக்னு வர்ற கீறல் சத்தம் போச்சு. அப்புறம் மொத்தமா ஓடுற 'உஸ்ஸ்' சத்தம். அதுக்கு சாஃப்ட்வேர்ல ஒரு வழி இருக்கு, யாரும் பேசாத ஒரு அமைதியான எடத்த காட்டி 'இதுதான் இரைச்சல், இத கத்துக்கோ'ன்னு சொன்னா அந்த ரகத்த மொத்த ஃபைல்லேர்ந்தும் கழிச்சிரும். பார்ட் ஒண்ணுல ஆறு செகண்ட் வசனமே இல்லாத ஒரு எடம் இருந்துச்சு, அத காட்டுனோம். வந்தது அவ்ளோ சுத்தம், நேத்து ஸ்டுடியோல எடுத்த மாதிரி. பெரியவருக்கு அனுப்பிட்டோம், எங்களுக்கு பெருமை வேற.

ரெண்டு நாள் கழிச்சு போன் பண்ணார். 'நல்லா கேக்குது, நன்றி, ஆனா அது நடக்கவே இல்லயே'ன்னார். எது நடக்கலன்னு கேட்டோம். 'கீழ இருக்கறது. அது நடக்கற சத்தம்தான் எங்கப்பா.'

ராத்திரி ஒரிஜினல் ஃபைல ஹெட்ஃபோன்ல போட்டுக் கேட்டேன். அந்த ஆறு செகண்ட் அமைதியே இல்ல. உஸ்ஸுக்கு அடியில, அதோட கிட்டத்தட்ட ஒரே குணத்துல, இன்னொரு சத்தம் இருக்கு. ஈரச் சாக்க மணல் மேல மெதுவா இழுக்கற மாதிரி, ஒரு இழுப்பு, நிறுத்தம், ஒரு இழுப்பு. அந்தப் பொம்பளை பேச்ச நிறுத்திக் காது குடுக்கற எடம் அது. வீட்டுல கேக்கறவங்களும் அவளோட சேந்து காது குடுக்கணும்னுதான் வசனமே எழுதல. நாங்க அதையே எடுத்து இரைச்சலோட மாதிரின்னு காட்டிட்டோம். சாஃப்ட்வேர் சொன்னபடி கத்துக்கிட்டு அரை மணி நாடகம் முழுக்க அந்த இழுப்ப தேடித் தேடி அழிச்சிருக்கு. ஒரு மனுஷன் செஞ்ச மொத்த வேலையும் போச்சு, அதுவும் அவர் பையனுக்கு அனுப்புன காப்பில.

இந்த வகை நாடகத்துல பயம் எங்கேர்ந்து வருதுன்னு நான் யோசிக்கவே இல்லன்னு அன்னிக்குதான் உறைச்சுது. லைட்ஸ் அவுட்ல எலும்பு உடையற சத்தத்துக்கு பன்றி விலா எலும்ப உடைச்சதும், தலைய வெட்டறதுக்கு முட்டைக்கோஸ வெட்டுனதும் எல்லாரும் சொல்ற கதை. ஆனா பெரிய சத்தம் எந்த க்ளீனிங்லயும் தப்பிச்சுக்கும், மாட்டறது மெல்லிசான சத்தம்தான். அதே வில்லிஸ் கூப்பர் 1947லேர்ந்து 49 வரைக்கும் 'கொயட், ப்ளீஸ்'னு ஒண்ணு பண்ணார். எர்னஸ்ட் சேப்பல் பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி மெதுவா கதை சொல்லிட்டு நடுவுல நிறுத்துவார், அந்த நிறுத்தத்துலதான் நமக்கு முதுகு சில்லிடும். 1948 ஆகஸ்ட்ல வந்த அதோட எண்ணெய்க் கிணறு கதைய கேட்டவங்களுக்குத் தெரியும். அந்தத் தொடர்ல நிறைய எபிசோடு இன்னிக்கு மோசமான தரத்துலதான் கெடைக்குது, அதையும் யாராவது எங்கள மாதிரி 'சுத்தம்' பண்ணிருந்தா என்ன மிஞ்சியிருக்கும்?

திரும்ப செஞ்சது

ஒரு நல்ல காலம், தொடாத ஃபைல் ரெண்டு கம்ப்யூட்டர்லயும் இருந்துச்சு. ரெண்டு கம்ப்யூட்டர்ல பதியணும்னு சீனியர் அம்மா விதி போடாம இருந்திருந்தா தம்பி எடிட் பண்ணது அதே ஃபைல் மேல போய் சேவ் ஆகியிருக்கும், பார்ட் ரெண்ட மறுபடி ஓட்டவும் முடியாது.

இந்த தடவ கீறல் டிக்க மட்டும் ஒவ்வொண்ணா கையால எடுத்தோம். உஸ்ஸ தொடல. நாடகம் முடிஞ்சு அனவுன்சர் பேசறதுக்கு முன்னாடி வர்ற எடத்த மாதிரியா எடுத்து ரொம்ப லேசா கொறைக்கலாமான்னு ஒரு பேச்சு வந்துச்சு, ஆனா அந்த எடம் நாங்க ஓட்டாத 36 செகண்டுக்குள்ள இருக்கு. சரி, வேணாம்னு விட்டாச்சு. மழை பெய்யற மாதிரி உஸ் இருக்கு, அதுக்குள்ள சாக்கு இழுபடுது.

கடைசிக்கு என்ன பண்றதுன்னு பெரிய விவாதம். தம்பி ரெண்டு யோசனை சொன்னான், ஒண்ணு அதே குரல கம்ப்யூட்டர்ல உருவாக்கி முடிவ பூர்த்தி பண்றது, இல்ல உரிஞ்ச பாளத்த தாண்டித் தாண்டி ஊசிய வச்சு துண்டு துண்டா எடுக்கறது. முதலாவதுக்கு நான்தான் ஒத்துக்கல. அன்னிக்கு ராத்திரி நடந்தது என்னவோ அதுதான் தட்டுல இருக்கு, நாளைக்கு அம்பது வருஷம் கழிச்சு கேக்கறவனுக்கு எது 1940கள், எது நம்ம கைவேலைன்னு தெரியாமப் போயிரும். ரெண்டாவது சீனியர் அம்மாவுக்குப் பிடிக்கல. தட்ட தொடாமலே கேமராவால க்ரூவ படம் எடுத்து அதுலேர்ந்து சத்தத்த கணக்குப் போட்டு எடுக்கற 'ஐரீன்'னு ஒரு முறை இருக்கு, லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துல உருவாக்குனது, அமெரிக்க அரசோட பெரிய நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்லயும் வச்சிருக்காங்க. அதுக்கு அனுப்பற வரைக்கும் அந்த ஓரத்த யாரும் தொடக் கூடாதுன்னு முடிவாச்சு. பெரியவருக்கும் அது சம்மதம்.

என்ன ஆச்சு

ரெண்டாவது காப்பிய அவர் எங்க எடத்துக்கே வந்து கேட்டார். ஸ்பீக்கர் வேணாம், ஹெட்ஃபோன் குடுங்கன்னார். அந்த ஆறு செகண்ட் வந்தப்போ அவர் வலது கை மேஜை மேல மெதுவா இழுபட்டுச்சு, நின்னுச்சு, மறுபடி இழுபட்டுச்சு, சத்தத்தோட சரியா சேந்து. சமையலறைல பாத்தது எண்பது வயசுலயும் கைல இருக்கு.

ஊசி தூக்குன எடத்துல ஃபைல் நின்னுரும். அவர் ஹெட்ஃபோன கழட்டிட்டு, அதுக்கப்புறம் என்ன நடக்கும்னு தனக்குத் தெரியும், அப்பா சொல்லியிருக்கார்னார். சொன்னார். அத அவர் குரல்லயே பதிஞ்சு தனி ஃபைலா வச்சிருக்கோம், நாடகத்தோட ஒட்டல. அதுல சொல்றவர் யாரு, எப்ப சொன்னதுன்னு தெளிவா எழுதி வச்சாச்சு.

உரிஞ்ச பாளம் ஒரு சின்ன காகித உறையில தட்டோட பெட்டியிலயே இருக்கு.

இனிமே மாத்துனது

சொந்தக்காரங்க எதிர்ல தட்டு போட்டுக் காட்டறத நிறுத்தியாச்சு. வந்த அன்னிக்கு படம் எடுக்கறது, லேபிள்ல இருக்கற ஒவ்வொரு எழுத்தையும் படிச்சு எழுதறது, டார்ச் அடிச்சு அலுமினியமா கண்ணாடியான்னு பாக்கறது, அவ்ளோதான், ஓட்டறது வேற ஒரு நாள், ரெண்டு பேர் பாத்து சரின்னு சொன்னதுக்கு அப்புறம். பூச்சு தூக்கி இருந்தா நாங்க ஓட்டறதே இல்ல.

தொடாத ஃபைல்தான் முதல்ல குடுப்போம், சுத்தம் பண்ணது கேட்டா மட்டும். நாடகம்னா 'அமைதியான எடம்'னு ஒண்ண தேர்ந்தெடுக்கறதுக்கு முன்னாடி சுத்தம் பண்ற ஆள் முழுசா ஒரு தடவ ஹெட்ஃபோன்ல கேட்டே ஆகணும், கதை என்னன்னு தெரியாம கை வைக்கக் கூடாது. கழிச்சு எடுத்தத மட்டும் தனியா போட்டுக் கேக்கற வசதி நிறைய சாஃப்ட்வேர்ல இருக்கு, அன்னிக்கு அத ஒரு நிமிஷம் கேட்டிருந்தா அந்த சாக்கு இழுபடறது எங்களுக்கே கேட்டிருக்கும். இப்ப அது கட்டாயம்.

தட்டு வாங்கும்போது எழுதற ஃபார்ம்ல புதுசா ஒரு வரி சேத்திருக்கோம், தம்பிதான் எழுதுனான்: 'இதுல உங்களுக்கு ஞாபகம் இருக்கற சத்தம் எது?'